மொன்ட்ரகோன்: தொழிலாளர் வாக்களிக்கும் கைத்தொழில் நகரம்



கூட்டுறவு என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது ஊரிலுள்ள சங்கக்கடையாக இருக்கும். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் தொடங்கிய கூட்டுறவுக் கடையைப் பற்றியும், "ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு" என்ற தத்துவத்தைப் பற்றியும் நீங்கள் ஏற்கெனவே கற்றிருப்பீர்கள். ஒரு கடையில் இத்தத்துவம் எவ்வாறு செயற்படும் என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஆனால் ஆயிரக்கணக்கானோர் வேலைசெய்யும் பெரிய தொழிற்சாலையில் அது சாத்தியமா? சலவை இயந்திரத்தைப் பொருத்தும் தொழிலாளி, தன் முகாமையாளரை நியமிக்கும் சபைக்கு வாக்களிக்க முடியுமா? அத்தொழிற்சாலை நட்டமடைந்தால் நட்டம் யாருடையது?

இவ்வினாக்களுக்கு விடை தேட மிகப் பொருத்தமான இடம் ஸ்பெயினின் வடக்கிலுள்ள மொன்ட்ரகோன் என்ற சிறு நகரம். இந்நகரைப் பற்றி, "தொழிலாளரே உரிமையாளராகி வெற்றிபெற்ற நகரம்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது இலகு. அது பாதி விடை மட்டுமே. மீதிப் பாதி 2013ஆம் ஆண்டில் நடந்தது. இரண்டையும் சேர்த்தே இங்கு கற்போம்.

அமைவிடமும் பழைய கைத்தொழிலும்

மொன்ட்ரகோன், பாஸ்க் தன்னாட்சிப் பிரதேசத்தின் கிப்புஸ்கோவா மாகாணத்தில், டேபா ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. பாஸ்க் மொழியில் இதன் பெயர் அர்ராசாத்தே. 1260இல் காஸ்ற்றீல் அரசர் பத்தாம் அல்போன்சோ இதற்கு நகர உரிமை வழங்கினார். இன்றைய மக்கள்தொகை ஏறக்குறைய 22,000. சுற்றிலும் மலைகள், சமநிலம் குறைவு. பெரிய பயிர்ச்செய்கைக்கு இடமில்லாத இப்பள்ளத்தாக்கில் இரும்புத்தாதும், விறகுக் கரியும், ஓடும் நீரின் வலுவும் கிடைத்தன. ஆகவே மத்திய காலந்தொட்டே இரும்பு வேலை இங்கு நிலைத்தது. பிற்காலத்தில் இவ்வூர் பூட்டுகளுக்குப் பெயர்பெற்றது.

1906இல் பூட்டு மற்றும் உலோகப் பொருள் செய்யும் இரு நிறுவனங்கள் இணைந்து "ஊனியோன் செர்ராஹேரா" என்ற பெருநிறுவனம் உருவாயிற்று. பல ஆண்டுகள் ஊரின் பெரும்பாலான குடும்பங்கள் ஏதோவொரு வகையில் இந்நிறுவனத்தையே நம்பியிருந்தன. ஓர் ஊர் ஒரே தொழிற்சாலையில் தங்கியிருந்தால் அங்கு சம்பளப் பிரச்சினையும் அரசியற் பிரச்சினையும் வேறுவேறாக இருப்பதில்லை. 1934 ஒக்ரோபரில் ஸ்பெயினில் நடந்த தொழிலாளர் கிளர்ச்சியின்போது மொன்ட்ரகோனில் ஆயுதமேந்தியோர் ஊரைக் கைப்பற்றினர். பாராளுமன்ற உறுப்பினரும் இந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருமான மார்செலினோ ஒரேஹா அன்று கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் உள்நாட்டுப் போரில் ஜெனரல் பிராங்கோவின் படைகள் ஊரைக் கைப்பற்றியபோது மறுதரப்பினர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஊரின் பங்குத்தந்தையும் அவர்களுள் ஒருவர். ஆக, 1940களில் இவ்வூர் வறுமையுற்றும், பிளவுபட்டும், ஒருவரையொருவர் நம்ப அஞ்சியும் இருந்தது. இப்பின்னணியை மறந்துவிட்டால் அடுத்து வருவதன் அருமை புரியாது.

பாடசாலையில் தொடங்கிய மாற்றம்

1941இல் ஹொஸே மரியா அரிஸ்மென்டியாரியெற்றா என்ற இளம் கத்தோலிக்க குரு இவ்வூருக்கு அனுப்பப்பட்டார். 1915இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். போர்க்காலத்தில் பாஸ்க் மொழிப் பத்திரிகையில் பணியாற்றியமைக்காகச் சிறைப்பட்டு உயிர் தப்பியவர். நல்ல பேச்சாளராக இவர் பெயரெடுக்கவில்லை என்பதை இங்கு குறிப்பிடலாம். ஆனால் ஊரின் தேவை என்ன என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார்.

ஊனியோன் செர்ராஹேரா நிறுவனம் தொழில் பழகுவோருக்கான பாடசாலையொன்றை நடத்தியது. அதில் ஊழியரின் பிள்ளைகளுக்கும், குறைந்த எண்ணிக்கையான பிறருக்குமே இடமிருந்தது. அதனை எல்லோருக்கும் திறந்துவிடுமாறு கேட்டு, அது பலிக்காமற்போகவே, புதிய பாடசாலை ஒன்றைத் தொடங்க அவர் முனைந்தார். தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. உதவ விரும்புவோர் பணமாகவோ உழைப்பாகவோ என்ன தருவார்கள் என எழுதிப் போடலாம். ஏறக்குறைய 600 பேர் எழுதிப் போட்டனர். அப்போதைய ஊரின் மக்கள்தொகை 8,000 அளவிலேயே இருந்தது. சர்வாதிகார ஆட்சியில் தேர்தல் பெட்டியையே காணாத மக்கள் தங்கள் விருப்பத்தைக் கடதாசியில் எழுதிப் பெட்டியில் இட்ட நிகழ்வு இது. 1943இல் 20 மாணவர்களுடன் தொழிற்பாடசாலை தொடங்கியது. இன்றைய மொன்ட்ரகோன் பல்கலைக்கழகத்தின் வேர் இதுவே. அது 1997இல் பல்கலைக்கழகமாயிற்று.

அப்பாடசாலையில் படித்தவர்களுள் சிலர், பகலில் வேலைசெய்துகொண்டே சரகோசா நகரின் கல்வி நிறுவனத்தில் வெளிவாரியாகப் பரீட்சை எழுதிப் பொறியியல் தகைமை பெற்றனர். அவர்கள் ஊனியோன் செர்ராஹேராவில் பொறுப்பான பதவிகளுக்கும் வந்தனர். நிறுவனம் தன் மூலதனத்தை அதிகரிக்கவிருந்தபோது, தொழிலாளரும் பங்குகளை வாங்க இடமளிக்குமாறு கேட்டனர். நிறுவனம் மறுத்துவிட்டது.

ஐந்து பேர் வேலையை விட்டு விலகினர். அக்காலத்தில் புதிய தொழிற்சாலைக்கு அரசின் அனுமதி பெறுவது மிகக் கடினம். எனவே 1955இல் விற்றோரியா நகரில் வங்குரோத்தாகியிருந்த ஒரு சிறு நிறுவனத்தை, முக்கியமாக அதன் அனுமதிப்பத்திரத்துக்காகவே, ஊரவர் கடனாகத் தந்த பணத்தில் வாங்கினர். 1956இல் மொன்ட்ரகோனிலேயே தொழிற்சாலை எழுந்தது. ஐவரின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து அதற்கு "உல்கோர்" எனப் பெயரிட்டனர். முதல் உற்பத்தி, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பு. பின்னர் "ஃபாகோர்" என்ற வணிகப்பெயரில் சமையல் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எனப் பெருகியது. ஸ்பெயினில் வருமானம் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது; இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடும் இருந்தது. ஆகவே செய்த பொருள் எல்லாம் விற்றது. (உழைப்பும் ஒற்றுமையும் மட்டுமே காரணம் என எழுதிச் சந்தை நிலைமையை விட்டுவிடாதீர்கள்.)

வங்கியும் காப்புறுதியும்

1959இல் "காஹா லபொரால்" என்ற கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. முதலில் அங்கத்தவர்களே இதனை விரும்பவில்லை எனச் சொல்லப்படுகிறது. தொழிற்சாலை நடத்துவோருக்கு வங்கி எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வெளி வங்கிகள் எளிதில் கடன் தராத நிலையில், ஊரின் சேமிப்பை ஊரிலேயே முதலிட இதுவே வழியாயிற்று. "சேமிப்புப் புத்தகமா, சூட்கேசா?" என்பது வங்கியின் விளம்பர வாசகம். இங்கே சேமித்தால் இங்கே வேலை உண்டாகும். இல்லையேல் வேலை தேடிப் பெட்டியைத் தூக்க வேண்டிவரும் என்பது அதன் பொருள்.

இன்னொரு நிறுவனமும் இதே காலத்தில் தோன்றியது. கூட்டுறவு அங்கத்தவர்கள் "ஊழியர்" அல்லர், தம் சொந்தத் தொழில் செய்வோரே எனக் கூறி அரசு அவர்களைப் பொதுச் சமூகக் காப்புறுதியிலிருந்து விலக்கியது. உரிமையாளர் என்ற பெயரால் நோய்க்காலக் கொடுப்பனவும் ஓய்வூதியமும் இல்லாமற்போயின. எனவே "லாகுன் ஆரோ" என்ற தம் சொந்தக் காப்புறுதி அமைப்பை உருவாக்கினர். ஒரு கூட்டுறவில் வேலை குறைந்தால் அங்கத்தவரை இன்னொரு கூட்டுறவுக்கு மாற்றும் ஏற்பாட்டுக்கும் இது கைகொடுத்தது. 2013ஐப் படிக்கும்போது இதனை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

தொழிற்சாலைக்குள் அதிகாரம் யாரிடம்?

புதிய அங்கத்தவர் ஒருவர் மூலதனப் பங்களிப்பு ஒன்றைச் செலுத்த வேண்டும். அண்மைக் காலத்தில் இது ஏறக்குறைய 15,000 யூரோ. சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கலாம். பங்களிப்பு எவ்வளவு பெருகினாலும் வாக்கு ஒன்றுதான். அங்கத்தவர் அனைவரும் கூடும் பொதுச்சபை, ஆளும் சபையைத் தெரிவுசெய்கிறது. ஆளும் சபை, பொது முகாமையாளரை நியமிக்கிறது. நாளாந்த வேலையில் முகாமையாளர் சொல்வதைத் தொழிலாளி கேட்க வேண்டும். ஆனால் முகாமையாளரை நீக்கும் அதிகாரம் தொழிலாளி தெரிவுசெய்த சபையிடம் இருக்கிறது. இந்த இரட்டைத் தன்மையை விளக்கி எழுதுவது நல்லது.

சம்பள இடைவெளிக்கும் எல்லை உண்டு. தொடக்கத்தில் ஆகக் குறைந்த சம்பளத்துக்கும் ஆகக் கூடியதற்கும் இடையிலான விகிதம் 1:3. பிற்காலத்தில் இது விரிந்து, பொதுவாக 1:6 என்ற அளவைத் தாண்டாது எனலாயிற்று. ஆகக் குறைந்த சம்பளம் 1,500 யூரோ எனக் கொண்டால், 1:6 விகிதத்தில் தலைமை முகாமையாளர் 9,000 யூரோவுக்கு மேற்பெற முடியாது.

மிகையைப் பங்கிடுவதற்கு ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். ஒரு கூட்டுறவின் ஆண்டு மிகை 10 மில்லியன் யூரோ. பாஸ்க் கூட்டுறவுச் சட்டப்படி குறைந்தது 10 சதவீதம், அதாவது 1 மில்லியன், கல்விக்கும் பொதுநலனுக்கும் செல்லும். குறைந்தது 20 சதவீதம், 2 மில்லியன், கட்டாய ஒதுக்கம். மீதி 7 மில்லியனில் அங்கத்தவர்களுக்கென முடிவுசெய்யப்படும் பகுதி கையிற் காசாகக் கிடைப்பதில்லை; அவரவர் மூலதனக் கணக்கில் வரவு வைக்கப்படும். அதற்கு வட்டி உண்டு. முழுத்தொகையை ஓய்வுபெறும்போது அல்லது விலகும்போதே எடுக்கலாம். நட்டம் வந்தாலோ, அதே கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஒரு தொழிலாளியின் வாழ்நாட் சேமிப்பின் பெரும்பகுதி அவர் வேலைசெய்யும் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கவனிக்குக.

வாக்குரிமை இருந்ததால் பிணக்கே இல்லை என எண்ண வேண்டாம். 1974இல் வேலைகளைத் தரப்படுத்தும் முறையை எதிர்த்து உல்கோரில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றோர் நீக்கப்பட்டனர். தமக்குத் தாமே எதிராக வேலைநிறுத்தம் செய்யலாமா என்ற வாதம் ஊரைப் பல ஆண்டுகள் பிரித்தது. பின்னர் அவர்களை மீளச் சேர்த்துக்கொள்ளப் பொதுச்சபை இணங்கியது.

நகரசபையும் கட்சிகளும்

தொழிற்சாலையில் ஏற்கெனவே வாக்களித்துவந்தவர்கள், நகரசபைக்குச் சுதந்திரமாக வாக்களிக்க 1979 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிராங்கோ 1975இல் இறந்தபின்னரே ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பியது.

ஸ்பெயினில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரசபைத் தேர்தல் நடைபெறும். இந்த அளவு நகருக்கு 21 உறுப்பினர்கள். வாக்காளர் கட்சிப் பட்டியலுக்கே வாக்களிப்பர். ஆசனங்கள் டொன்ட் முறைப்படி பகிரப்படும். சிறு உதாரணம்: 5 ஆசனங்களுக்கு அ கட்சி 4,000, ஆ கட்சி 3,000, இ கட்சி 1,400 வாக்குகள் பெற்றுள்ளன. ஒவ்வொன்றையும் 1, 2, 3 என வகுத்து, பெரிய ஐந்து ஈவுகளை எடுக்க: 4,000, 3,000, 2,000, 1,500, 1,400. ஆகவே அ 2, ஆ 2, இ 1. நகர முதல்வரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை, உறுப்பினர்களே வாக்களிப்பர். ஆவும் இயும் சேர்ந்தால் மூன்று வாக்குகள். முதலிடம் பெற்ற அ கட்சி முதல்வர் பதவியை இழக்கலாம். எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காவிடின் அதிக வாக்குப் பெற்ற பட்டியலின் தலைவர் முதல்வராவார்.

மொன்ட்ரகோனின் முக்கிய போட்டி பாஸ்க் தேசியக் கட்சிக்கும், பாஸ்க் சுதந்திரத்தை வேண்டும் இடதுசாரிகளுக்கும் இடையிலானது. சோசலிசக் கட்சிக்கும் இடமுண்டு. வேலை தேடி ஸ்பெயினின் பிற பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் பல இக்கட்சியை ஆதரித்தன. இவ்வரசியலின் மேல் "எற்றா" என்ற ஆயுத இயக்கத்தின் நிழல் நெடுங்காலம் படிந்திருந்தது. 2008 மார்ச் 7ஆம் திகதி, பொதுத்தேர்தலுக்கு இரு நாட்கள் முன், நகரசபையின் முன்னாள் சோசலிச உறுப்பினர் இசாயாஸ் கராஸ்கோ மொன்ட்ரகோனில் தம் வீட்டருகே சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது நகர முதல்வர் பதவி இடதுசாரித் தேசியவாதக் கட்சியொன்றிடம் இருந்தது. கொலையைக் கண்டிக்க முதல்வர் மறுத்தார். அதே ஆண்டில் முதல்வர் கைதுசெய்யப்பட்டார். கட்சியையும் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது.

கொல்லப்பட்டவரும், கண்டிக்க மறுத்தவர்களும், வெட்கித் தலைகுனிந்தவர்களும் ஒரே சிறு நகரத்தவர்கள். தொழிற்சாலையில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கப் பழகிய ஊரில் இது எப்படி நேர்ந்தது என்ற கேள்வி இயல்பானது. தொழிற்சாலை வாக்கு, கூலியையும் இலாபத்தையும் பற்றியது. யார் எந்த நாட்டினர் என்ற கேள்வியை அது தொடவில்லை. எற்றா 2011 ஒக்ரோபரில் ஆயுத நடவடிக்கையைக் கைவிட்டது. 2018 மேயில் கலைந்தது. நகரசபையில் 2011இல் பில்டு கூட்டணியும், 2015இல் பாஸ்க் தேசியக் கட்சியும் முதல்வர் பதவியைப் பெற்றன.

2013: ஃபாகோரின் வீழ்ச்சி

ஃபாகோர் வீட்டுச்சாதனக் கூட்டுறவு 2005இல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தை வாங்கியது. அதற்குப் பெருங்கடன் பட்டது. ஸ்பெயினில் புதிய வீடுகள் வேகமாக எழுந்த காலம் அது. புதிய வீட்டுக்குப் புதிய அடுப்பும் சலவை இயந்திரமும் தேவை. 2008இல் வீடமைப்பு சரிந்தது. விற்பனை வீழ்ந்தது. ஆசிய நாடுகளின் மலிவுப் பொருட்களின் போட்டியும் சேர்ந்தது. கடன் மட்டும் குறையவில்லை.

அங்கத்தவர்கள் தம் சம்பளத்தைத் தாமே குறைத்துக்கொண்டனர். ஏனைய கூட்டுறவுகளும் பலமுறை பணம் கொடுத்தன. 2013 ஒக்ரோபரில் ஃபாகோர் மீண்டும் கேட்டபோது, மொன்ட்ரகோன் குழுமம் மறுத்துவிட்டது. மேலும் கொடுத்தால் மற்றக் கூட்டுறவுகளும் மூழ்கும் என்பது அதன் முடிவு. உலகளவில் ஏறக்குறைய 5,600 பேர் வேலைசெய்த கூட்டுறவு வங்குரோத்தாயிற்று. அவர்களுள் ஏறக்குறைய 2,000 பேர் பாஸ்க் பகுதியினர்.

இனி என்ன நடந்தது என்பதை மூன்று வேறு மனிதரின் நிலையிலிருந்து பாருங்கள். முதலாமவர் மொன்ட்ரகோனில் வேலைசெய்த அங்கத்தவர். அவரது மூலதனக் கணக்கு அழிந்தது. ஆனால் அவரைப் போன்றோரிற் பெரும்பாலானோர் அடுத்த சில ஆண்டுகளில் வேறு கூட்டுறவுகளில் வேலை பெற்றனர், அல்லது முன்கூட்டியே ஓய்வு பெற்றனர். லாகுன் ஆரோ இங்கேதான் பயன்பட்டது. இரண்டாமவர் ஓய்வுபெற்ற அங்கத்தவர். தம் மூலதனத்தை எடுக்காமல், நிறுவனத்தை நம்பிக் கடனாக விட்டுவைத்திருந்தார். அவருக்கு மாற்று வேலை தேவையில்லை; ஆனால் முதுமைக்கான பணம் போயிற்று. இத்தகையோர் நெடுநாள் தெருவில் நின்று போராடினர். மூன்றாமவர் போலந்திலோ பிரான்சிலோ உள்ள ஃபாகோர் தொழிற்சாலையின் ஊழியர். அவர் அங்கத்தவரே அல்லர். அவருக்கு வாக்கும் இல்லை, மாற்று வேலை ஏற்பாடும் இல்லை.

மொன்ட்ரகோனின் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் அதற்கு ஒரு வட்டம் உண்டு. வட்டத்துக்குள் நிற்பவர் யார் என்பதை வாக்குரிமையே தீர்மானித்தது. இதனை எழுதும் மாணவருக்கே முழுப்புள்ளி கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஒரு குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்க. வீழ்ந்தது வீட்டுச்சாதனக் கூட்டுறவு மட்டுமே. வாகன உதிரிப்பாகம் செய்யும் ஃபாகோர் எடெர்லான் போன்றவை வேறு கூட்டுறவுகள். அவை தொடர்ந்து இயங்கின. 2020களின் தொடக்கத்திலும் குழுமத்தில் ஏறக்குறைய 70,000 பேர் வேலைசெய்தனர். ஆனால் 2022 டிசம்பரில் அயலூரான ஓனியாற்றியின் உல்மாவும், மின்னுயர்த்தி செய்யும் ஒரோனாவும் குழுமத்திலிருந்து விலக வாக்களித்தன. இரண்டும் நன்கு இலாபமீட்டியவை. விலகும் முடிவும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்ற முறையிலேயே எடுக்கப்பட்டது.

பயிற்சி வினாக்கள்

1. மொன்ட்ரகோனில் பயிர்ச்செய்கையை விட உலோகக் கைத்தொழில் வளர்ந்தமைக்கான புவியியற் காரணங்கள் இரண்டு தருக.

2. ஒரு நகரசபையின் 5 ஆசனங்களுக்குப் போட்டியிட்ட மூன்று கட்சிகள் முறையே 3,600, 2,500, 2,000 வாக்குகள் பெற்றன. டொன்ட் முறைப்படி ஆசனங்களைப் பகிர்க. முதலிடம் பெற்ற கட்சி முதல்வர் பதவியை இழக்கக்கூடிய நிலையை விளக்குக.

3. கூட்டுறவு ஒன்றின் மிகை 6 மில்லியன் யூரோ. பாஸ்க் சட்டம் கூறும் குறைந்தபட்ச வீதங்களின்படி கல்வி நிதிக்கும் கட்டாய ஒதுக்கத்துக்கும் செல்லும் தொகைகளைக் கணிக்க.

4. "சேமிப்புப் புத்தகமா, சூட்கேசா?" என்ற வாசகம் அக்கால மொன்ட்ரகோன் மக்களுக்கு ஏன் பொருத்தமாயிருந்தது? (குறிப்பு: வேலைவாய்ப்பு, உள்ளூர் முதலீடு, வெளி வங்கிகளின் போக்கு ஆகியவற்றைத் தொட்டு எழுதுக.)

5. நீங்கள் 2013 ஒக்ரோபரில் இலாபமீட்டும் ஒரு மொன்ட்ரகோன் கூட்டுறவின் அங்கத்தவர் எனக் கொள்க. ஃபாகோருக்கு மேலும் பணம் கொடுப்பதா என்பதில் உங்கள் வாக்கு எது? கொடுக்க மறுத்தால் அயல் வீட்டாருக்கு என்ன விடை கூறுவீர்கள்? கொடுக்க இணங்கினால் உங்கள் கூட்டுறவில் இவ்வாண்டு சேர்ந்த இளம் தொழிலாளிக்கு என்ன விடை கூறுவீர்கள்? ஒரு பக்கத்துக்கு மேற்படாது எழுதுக.